லோஞ்ச் வந்த பாட்டு

அப்பாவின் முகம் அப்படி வெளிறியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. வெளிறச் செய்தவள் நான்தான். அதுவும் என் கெட்டித்தனத்தால்.

அக்கா உயர்தரச் சோதனைக்குத் தமிழ் படித்த வருஷம் அது. எனக்குப் பத்து வயது. அவள் சத்தமாகப் படிக்கப் படிக்க, சங்க காலம், பல்லவர் காலம், நாயக்கர் காலம் எல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டன. பாட்டில் வரும் பொருள்களை வைத்தே அதன் காலத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவள் எனக்குக் காட்டித் தந்த வித்தை.

ஒரு புதன்கிழமை பின்னேரம் அவளுடைய தமிழ்ப் பாடக் கொப்பிக்குள் ஒரு துண்டுக் கடதாசி அகப்பட்டது. துறைமுகக் கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்று, ராகம் போட்டு வாசித்தேன்.

“புதன் மாலை கடல் கடந்து
மூதூர் லோஞ்சில் வருவேன்.
நீலக் குடை விரித்து நில்,
கூட்டத்தில் நான் உன்னைக் காண.”

“எந்தக் காலப் பாட்டு பிள்ளை?” அப்பா சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இதற்குத்தானே காத்திருந்தேன். “காதல் எண்டபடியால் அகம். கடல் வாறபடியால் நெய்தல் திணை. ஆனால் மெசின் பூட்டின லோஞ்ச் வருது, அதாலை சங்க காலம் இல்லை, இக்காலம். அக்கான்ரை குடையும் நீலம்தானே. அதாலை புலவர் அக்காவைக் கண்டிருக்கிறார்.”

குசினி வாசலில் அம்மா அப்படியே நின்றுவிட்டார். அக்கா கதிரையை இறுக்கிப் பிடித்தாள்.

“புலவர் ஆர்?”

“அகப்பாட்டிலை பேர் சொல்லக் கூடாது அப்பா.”

அப்பா வெளிறிய முகத்தோடு கடதாசியை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அக்காவின் குடையை எடுத்துக்கொண்டு, லோஞ்ச் வந்து சேரும் ஜெட்டிப் பக்கம் நடந்தார். மழையுமில்லை, வெயிலுமில்லை. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு விளக்கியும் கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாரே மனுசன் என்றுதான்.

ஜெட்டியில் அவர் குடையை விரித்துப் பிடித்தார் என்றும், லோஞ்சால் இறங்கிய பொடியன் ஒருவன் சிரித்தபடி அதை நோக்கி ஓடி வந்தான் என்றும் வெகுகாலத்தின் பின்தான் அறிந்தேன்.

அடுத்த நாளே அக்காவின் பள்ளிக்கூடம் நின்றது. சோதனைக்கு அவள் போகவேயில்லை. தை முடியமுன் மட்டக்களப்பில் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். போகிற அன்று தன் தமிழ்க் கொப்பிகளையெல்லாம் என்னிடம் தந்தாள்.

“நான் சொன்ன விளக்கம் பிழையோ அக்கா?”

“இல்லையடி, எல்லாம் சரி. ஒண்டைத்தான் விட்டிட்டாய். கேக்கிறது ஆர் எண்டு பாக்கேல்லை.”

உண்மைதான். அகப்பாட்டென்றால் கூறுபவர் யார், கேட்பவர் யார் என்று இரண்டையும் எழுத வேண்டும். புள்ளி குறைந்துவிட்டதே என்று எனக்கு ஒரே கவலை. அவள் கார் ஏறமுதலே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்: கேட்பவர் யார் என்பதை மறக்கக் கூடாது.