நாலாவது ஊசிக்கு வராதவர்

திருத்தணிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரி. என்னை ஊசி அறைக்கு மாற்றிய முதல் நாளே முனுசாமி வந்தார். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்பவர். வளர்த்த நாயே கெண்டைக்காலில் கடித்திருந்தது. கடிவாய் முழுக்கச் சுண்ணாம்பு.

“யாரு நைனா இத தடவச் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா. வூட்ல நான் மட்டும்தான்.”

நாய்க்கடிக்கு முதல் மருந்து சோப்பும் தண்ணீரும்தான். குழாயடியில் உட்காரவைத்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அத்தனை நேரமும் மணியைப் பற்றியே பேசினார். மணி என்பது அந்த நாய். மனைவி போனபிறகு, தறி ஓடும்போது அதுதான் காலடியில் படுத்திருக்குமாம்.

காயத்தைச் சுற்றி உடனடித் தடுப்பு மருந்து, கையில் முதல் தடுப்பூசி. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தேன்.

“நாய பத்து நாள் பாத்துக்கினே இருங்க. செத்துப்போனா உடனே வந்து சொல்லணும். டாக்டர் சொல்லாம ஊசிய நிறுத்தக்கூடாது.”

“ஆங்.”

மூன்றாம் நாள் வந்தார். “மணி எப்படி கீது?” என்றேன். “கொஞ்சம் சோறு துன்னுச்சும்மா” என்றார். ஏழாம் நாளும் கேட்டேன். “நல்லா கீதும்மா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருபத்தெட்டாம் நாள் வரவில்லை. மறுநாளும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெறிநோய் வந்துவிட்டால் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. ரிஜிஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். தறி ஓனர் எடுத்தார்.

“அந்த நாயா? கடிச்ச அஞ்சாம் நாளே செத்துப்போச்சே சிஸ்டர்.”

போனை முனுசாமியிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ஏன் நைனா பொய் சொன்னீங்க?”

தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

“அத்தப் பத்திக் கேக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா. செத்துப்போச்சுன்னு சொன்னா அப்புறம் கேக்க மாட்டீங்களே. திரும்பவும் வந்து பொய் சொல்ல மனசு வரல.”

“நாளைக்கு மொத பஸ்ல வாங்க” என்று மட்டும் சொன்னேன். வந்தார். போட்டேன். பிழைத்துக்கொண்டார்.

ரிட்டயர் ஆகிவிட்டேன். நானும் இப்போது தனியாள்தான். கேஸ் சிலிண்டர்காரரைத் தவிர என் போனுக்கு அழைப்பு அபூர்வம். அதனால் இளைய சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கழுவுவதும் தேதியும் சுவரில் ஒட்டிய சார்ட்டிலேயே இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் நாயைப் பற்றித்தான் விசாரித்தேன். “நீங்க எப்படி இருக்கீங்க நைனா?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால், அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்.