வற்றிய அருவியின் காவல்காரர்

கரமனையிலிருந்து நானும் மனைவியும் காரில் கிளம்பும்போது ஊரில் நல்ல மழை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஈரத்தின் சுவடே இல்லை. செம்மண்ணும் முள்ளடர்ந்த உடைமரங்களும் காற்றாலைகளும்தான். அந்தப் பொட்டலின் கோடியில் இருந்த அருவிப் பூங்காவில் அருவியும் வற்றிக் கிடந்தது. எங்களைத் தவிர அங்கே இருந்தவர் காவல்காரர் மட்டும்தான்.

ஒல்லியான, நெடிய மனிதர். அந்த வெயிலிலும் காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். எங்களிடம் பேசும்போதும் பாறையையே பார்த்தார். நடுநடுவே விசில் ஊதி, "ஏலே, குளிச்சது போதும், மேல ஏறி வா!" என்று வெறும் பாறையை நோக்கிச் சத்தம் போட்டார்.

"தண்ணியே இல்லையே, யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"போன ஐப்பசியில வெள்ளம் வந்தப்ப எல்லாரையும் கூப்பிட்டு ஏத்திட்டேன் சார். ஒருத்தன் மட்டும் ஓரமா நின்னுருக்கான், நான் பாக்கல. உடம்புகூட கிடைக்கல. அதான் கூப்பிடுதேன்."

நானும் பாறையைப் பார்த்தேன்; அங்கே யாரும் இல்லை. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? பாத்து வா" என்று மெல்லச் சொல்லி, அருவிக்கு இறங்கும் படியில் ஒதுங்கி வழிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற மனைவியும் ஒதுங்கினாள்.

கார் வெகுதூரம் வந்தபிறகு, "நீ எதுக்காக்கும் ஒதுங்கினே?" என்று கேட்டேன்.

"நன்னாயிருக்கு! அந்த மனுஷன் தலையெல்லாம் சொட்டச் சொட்டப் படியேறி வந்தானே, என் புடவை நனையாதா?"

திரும்பிப் போய் அந்தக் காவல்காரரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.