எலுமிச்சம்பழ மூடிகள்

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது ஒரு வாரம் அம்மா வீட்டில் போய் இருந்தேன். அந்த வாரத்தைப் பற்றி யார் கேட்டாலும், நல்ல சாரல், குற்றாலத்தில் குளித்தோம் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதில் பாதி பொய். குளித்தது அம்மா மட்டும்தான்.

எங்கள் ஊர் கீழப்பாவூர் பக்கம். பீடி சுற்றாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். இலையும் புகையிலைத் தூளும் வைத்த தட்டு அம்மாவின் மடியில் ஏறியபோது அவளுக்குப் பதினாலு வயது. நான் கல்லூரி போனது, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய் அங்கேயே வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்தத் தட்டின் புண்ணியம். இதை மேடை போட்டுச் சொல்லச் சொன்னால் நன்றாகவே சொல்வேன். வீட்டு வாசலில்தான் மறந்துபோனது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதான் முறை. பெரிய ஆஸ்பத்திரி வசதி என்று சாக்குச் சொல்லி நான் வரவில்லை. அம்மா கோயம்புத்தூருக்கு வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். எட்டு மாதம் காத்திருந்தவள், ஆட்டோ சத்தம் கேட்டதும் மடியில் கிடந்த தூளைத் தட்டிவிட்டு, "வாங்க வாங்க, எம் பட்டு" என்று இரண்டு கையையும் நீட்டியபடி ஓடிவந்தாள்.

நான் பிள்ளையைத் தோளோடு அணைத்துத் திரும்பிக்கொண்டேன்.

"எம்மா, கைய கழுவிட்டு வா."

போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். "இன்னும் வாட வருதே" என்று பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். இலை வெட்டும் கத்தரி பட்டு அம்மாவின் விரல்களில் எப்போதும் சின்னச் சின்னக் கீறல் இருக்கும். மருந்து பட்டதும் மூச்சை இழுத்தாள். "என்னட்டி இது, இப்படி எரியுது" என்று சிரிக்கவும் செய்தாள். டாக்டர் சொல்லியிருக்கிறார், புகையிலை வாடை பிள்ளைக்கு ஆகாது என்றேன்.

எந்த டாக்டரும் சொல்லவில்லை. புகையிலை கெடுதல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் என் பயம் அதுவல்ல. என் மாமியாருக்குப் பிள்ளையின் உச்சியை முகர்ந்து கொஞ்சுகிற பழக்கம். ஊர் திரும்பியதும் முகர்வார். அப்போது என்ன வாசம் வரும் என்பதுதான் என் பயம். விடுதியில் முதல் வருடம் ஒருத்தி என் தாவணியைப் பிடித்து, "இதென்ன பீடி ஸ்மெல்?" என்று கேட்ட நாளிலிருந்து அந்தப் பயம் எனக்குள் இருக்கிறது.

அம்மாவோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த, அவளுக்கு மதினி முறையான பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, நீ தவந்து கெடந்ததே எங்க தட்டுக்கு நடுவுலதான். தூளத் தின்னுருவேன்னு உங்கம்மா ஒரு கால நீட்டி உன்ன மறிச்சுக்கிட்டே சுத்துவா. இப்ப நீ என்ன கொறஞ்சா போய்ட்ட?" என்றாள். நான் சிரித்து வைத்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் தட்டைக் காணோம். முன்வீட்டைக் கழுவிவிட்டுச் சாம்பிராணி போட்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டாளே என்று எனக்குத் திருப்தி. நாலு எழுத்துப் படித்தவளின் திமிர், வேறென்ன.

கூட்டாஞ்சோறு ஆக்கினாள், சொதி வைத்தாள், பிள்ளையின் துணியைத் துவைத்துப் போட்டாள். ஆனால் பிள்ளையைத் தூக்கவில்லை. இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுவாள். மகள் தவழ்ந்து அவளிடம் போனால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வாள். "ஏட்டி, வா, பிள்ளயத் தூக்கு, எங்கிட்ட வருது." அது விளையாட்டு என்று நினைத்து மகள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். நானும் இரண்டு நாள் அதை விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

புதன்கிழமை துணி எடுக்கப் பின்னால் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ மூடிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் தோல் கிழியத் தேய்த்தவை.

"ஊறுகாயாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினி எட்டிப் பார்த்தாள். "ஊறுகாயா? எங்க மரத்துல ஒரு பழத்த விடல உங்கம்மா. வாட போவணும்னு நாளு பூரா கையில தேய்க்கா. இந்த வாரத்து இலை, தூளு எல்லாத்தையும் எங்கிட்ட தந்துட்டா. முப்பது வருசத்து வாட மூணு நாள்ல போயிருமாட்டி?"

அம்மா சோறு போடும்போதுதான் விரல்களைப் பார்த்தேன். கீறல் எல்லாம் சிவந்து வாய் பிளந்திருந்தன. அந்த நிமிடமே பிள்ளையை அவள் மடியில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மன்னிப்புக் கேட்டால் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே. ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்று என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஊருக்குக் கிளம்ப ஒரு நாள் இருந்தது. "ஏட்டி, குத்தாலத்துக்குப் போவமா?" என்று அம்மாவே கேட்டாள். சீசன் எல்லாம் வெளியூர்க்காரனுக்குத்தான் என்று சொல்லித் திரிகிறவள். பிள்ளைக்குக் குளிருமே என்றேன். "நீங்க ரெண்டு பேரும் நனைய வேண்டாம். நான் மட்டும் ஒரு குளி குளிச்சிட்டு வாரேன்" என்றாள்.

தென்காசியில் பஸ் மாறிப் போனோம். மேலகரம் தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. நான் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அங்கிருந்து பார்த்தால் பெண்கள் குளிக்கிற பக்கம் தெரியும். எல்லாரும் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா மட்டும் ஓரமாக நின்று, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் அருவிக்குள் நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையைக் காட்டினாள். மறுபடி உள்ளங்கை. பக்கத்தில் நின்றவர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் நகரவில்லை.

உதடு நடுங்க வந்து நின்றாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன. கைகளைப் பிள்ளையிடம் நீட்டவில்லை. என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. இப்ப வருதா?"

போதும்மா, பிள்ளையை வாங்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் குனிந்தேன். முகர்ந்து பார்த்தேன். ஒரு கையை முகர்ந்துவிட்டு மறு கையையும் முகர்ந்தேன். பச்சைத் தண்ணீர் வாசம்தான் வந்தது.

"வரல" என்றேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையை ஈரம் போகத் துடைத்தாள்.

"அப்ப தூக்கலாம்லா?"

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே நான் சரி என்று சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.