சுமைதாங்கியில் உட்காராத அத்தாயி

எங்க ஓரகத்தி அத்தாயிக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க. மூத்தவ, அதனால அக்கான்னுதான் கூப்புடுவேன். எங்க மலையில, வாழவந்தி நாட்டுல அவளாட்டம் ஏணி ஏறி மிளகு பறிச்ச பொம்பள கிடையாது. ஏறி ஏறித்தான் அந்த வலி வந்துச்சு.

முடவாட்டுக்கால் கிழங்கைச் சீவி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வெச்சுக் குடிப்பா. வலி பாதி குறையும், பாதி நிக்கும். நிக்கிற பாதி உக்காருன்னு சொல்லும், இவளும் முனகிக்கிட்டே உக்காருவா. வெள்ளைக்காரன் உலகச் சண்டை போட்ட காலத்துல, துறையூர் கம்பவுண்டர் வெள்ளை மாத்திரை குடுத்தாரு. வலிதான் அடங்கும், தேஞ்சது தேஞ்சதுதான், பார்த்து நடன்னு அவர் சொன்னதை இவ எங்க காதுல வாங்குனா! முழுங்குன கொஞ்ச நேரத்துல வலி போன இடம் தெரியல. கிழங்கெல்லாம் ஒரு மருந்தான்னு சட்டியைக் கவுத்துட்டா. காலு நோவுறதையே மறக்க வைக்கிறது என்ன மருந்துன்னு நான் சண்டை போட்டேன். உனக்குப் பொறாமைன்னா.

மலையடிவாரத்துப் புளியஞ்சோலையில கட்டிக்குடுத்த மக பாப்பாயிக்குப் பிரசவ நேரம் வந்துச்சு. மாத்திரையை முழுங்கிட்டு, சாமையும் மிளகும் தலைச்சுமையா எடுத்துக்கிட்டு இறங்குனா. வழியில சுமைதாங்கிக் கல்லைக் கண்டா, சுமையை அதுமேல இறக்கி வெச்சு, அடியில உக்காந்து போறது எங்க வழக்கம். இவ ஒரு கல்லடியிலயும் உக்காரல. பேரன் நல்லபடியாப் பொறந்தான். ஆனா முட்டி ரெண்டும் பூசணிக்காயாட்டம் வீங்கிருச்சு. ஆறட்டும், வாரேன்னு சொல்லியனுப்பிக்கிட்டே மக ஊட்டுல இருந்துட்டா.

அடுத்த மழைக்கு அவ புருசன் அப்பாசாமி காய்ச்சல்ல படுத்தாரு. அவளை வரச் சொல்லி ஆள் விட்டோம். அவ வந்து முகத்தைப் பார்க்குற வரைக்கும் அந்த மனுசன் உசுரு தாங்கல. கொட்டுற மழையில பொணத்தை எத்தனை நேரம் வெச்சிருக்க? எடுத்துட்டோம். சேதி சொல்ல நானே இறங்குனேன்.

அடிவாரத்து முதல் சுமைதாங்கிக் கல்லடியில உக்காந்திருந்தா, பாவி. கையில மாத்திரைக் காயிதம். "வலியே இல்ல சென்னம்மா, கால்தான் வரமாட்டேங்குது"ன்னா.

என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டா. கடைசியா என்ன சொன்னாருன்னு கேட்டா. சொல்லாம இருந்திருக்கலாம், வாயில வந்துருச்சு.

"அவளுக்குக் கால் நோவு, அவசரப்படுத்தாதீங்க, உக்காந்து உக்காந்து வரட்டும்னாரு, அக்கா."