கொசுறாக ஒரு வார்த்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நான் மாமல்லபுரத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். வீடு கூடுவாஞ்சேரியில். காலையில் ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். 'சாருக்கு இங்கிலீஷ்னா தண்ணி பட்ட பாடு' என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதை மறுக்க நான் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

வருடா வருடம் ஜனவரியில் எங்களிடம் ஒரு படிவம் கேட்பார்கள். 'தொழில்சார் வளர்ச்சிக்கான என் இலக்குகள்' என்று தலைப்பு. நானும் வருடா வருடம் அதே நாலு வரிகளை எழுதுவேன். புதிய கற்பித்தல் முறைகளை அறிவேன், கணினித் திறனை மேம்படுத்துவேன் என்று போகும். பழைய தாளைப் பார்த்து எழுதிவிட்டு வருடத்தை மட்டும் மாற்றுவது வழக்கம். அந்த முறை அதையும் மறந்துவிட்டேன். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், போன வருஷமே போயிடுச்சு. உங்க இலக்கு இன்னும் அங்கயே நின்னுனு இருக்கே!" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் புதிதாக எழுதித் தரச் சொன்னார்.

அந்த எரிச்சலோடுதான் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பாடத்தில் வாள் என்பதற்கான ஆங்கிலச் சொல் வந்தது. "ஸ்வார்டு" என்று சத்தமாகச் சொல்லி, எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பிலேயே ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவள். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு நானே அவள் பெயரைக் கொடுத்திருந்தேன்.

"சார், அது 'சோர்டு' சார். டபிள்யூவ சொல்லக் கூடாது. எங்கம்மா சொன்னாங்க."

அவள் அம்மா கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் மாக்கல் பொம்மைகளும் பாசிமணியும் விற்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். வகுப்பு சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. "பீச் இங்கிலீஷை பீச்சோட வெச்சுக்கோ. இங்க நான் சொல்றதுதான்" என்றேன். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் அகராதியைத் திறந்து, சொல்லின் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினேன். 'சோர்டு' என்றது. மறுபடி அழுத்தினேன். ஏழெட்டு தடவை அழுத்தியிருப்பேன். எனக்காக ஒரு தடவையாவது மாற்றிச் சொல்லாதா என்ற நப்பாசைதான். என் மனைவி அடுப்படியிலிருந்து, "அது தேய்ஞ்சிடப் போவுது" என்றாள்.

தப்பு தெரிந்துவிட்டது. ஆனால் மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லத் துணிவில்லை. அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். அந்தப் பெண்ணோ வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், தலையைக் குனிந்துகொள்வாள். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் அறைக்கு வந்து, போட்டியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு பீச் இங்கிலீஷ்தான் சார் வரும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சொன்னதில் கோபமே இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். அதுதான் என்னைக் குடைந்தது.

அன்று மாலை பஸ் ஏறாமல் அவள் அம்மாவைத் தேடிக் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. மகளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி, போட்டிக்கு அனுப்பச் சொல்லலாம் என்றுதான் போனேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே!

அந்த அம்மா அப்போது ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் சின்ன துர்க்கை சிலை ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். பேரம் முடிந்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பிறகு, ஒரு விரலை உயர்த்தி ஆங்கிலத்தில், "ஒன் வேர்ட் ஃப்ரீ, ப்ளீஸ்" என்றார். அவர்கள் புரியாமல் விழித்தார்கள். அந்த அம்மா கடலைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த வெள்ளைக்காரப் பெண் தன் மொழியில் கடலுக்கான சொல்லை நிதானமாக மூன்று முறை சொன்னாள். இவர் மூன்று முறை திருப்பிச் சொல்லிவிட்டு, மகளின் பழைய நோட்டை எடுத்துத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வா சார், உக்காரு சார். இன்னா, எம்பொண்ணு எதுனா வம்பு பண்ணிச்சா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, அது என்ன நோட்டு என்று கேட்டேன்.

"கொசுறு சார்" என்றார் சிரித்தபடி. "நாம கத்திரிக்கா வாங்கினா கருவேப்பில கொத்தமல்லி கொசுறு கேக்கறோம்ல? இவங்க என்னாண்ட அடிச்சுப் பேசி வெலைய கொறச்சிக்கினு போயிடறாங்க. நான் மட்டும் சும்மா வுடுவனா? போறதுக்கு முன்னால ஒரு வார்த்த வாங்கிக்குவேன்."

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர். அந்த நோட்டில் அஞ்சாறு மொழிச் சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், எந்த ஊர்க்காரர் சொன்னது என்ற குறிப்பு. நோட்டுகள் வீட்டில் இன்னும் நாலைந்து கிடக்கின்றனவாம். நான் அசந்துபோனேன். என்னிடம் சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய உண்டு. கடைசியாக நானாக விரும்பிக் கற்ற சொல் எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், நல்ல வேளைக்கு வந்த. இது மட்டும் பாத்து சொல்லு சார். 'சோர்டு'ன்னு எழுதி வெச்சிருக்கேன். ஒரு வெள்ளக்காரம்மா சொன்னாங்க, டபிள்யூ வாயத் தொறக்காதுன்னு. ஆனா ஸ்கூல்ல நீ வேற மாதிரி சொன்னன்னு எம்பொண்ணு சொல்லிச்சு. நாம கேட்டதுதான் தப்பா இருக்கும். நீ சொல்லு சார், அடிச்சிட்டு மாத்தி எழுதிக்கிறேன்."

பேனா மூடியைக் கழற்றி, அந்த வார்த்தையின் மேல் முனையை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. நான் அவர் மகளை என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"அடிக்காதீங்கம்மா" என்றேன். "நீங்க எழுதினதுதான் சரி. நான்தான் இத்தனை வருஷமா தப்பா சொல்லிக் கொடுத்துனு இருந்திருக்கேன்." வகுப்பில் பேசியதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "அத எங்கிட்ட சொல்லி இன்னா சார்? அதுங்கிட்ட சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை சொன்னேன். கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, டபிள்யூவைச் சுற்றி வட்டம் போட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, அதைவிடப் பெரிய தப்பு உன்னை அப்படிப் பேசியது என்று எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன். "எனக்கும் ஒரு கொசுறு கொடு. தெரியாத ஒரு வார்த்தை" என்று கேட்டேன்.

அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள். "பிளம்பர்ல நடுவுல வர்ற 'பி' பேசாது சார். பிளம்மர். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

வகுப்பு சிரித்தது. இந்த முறை யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் செங்கல்பட்டில் போட்டிக்கு வந்தாள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் தலை குனியாமல் பேசிவிட்டு இறங்கினாள்.

படிவத்தையும் அன்றே கொடுத்தேன். பழைய நாலு வரிகள் இல்லை. 'ஒவ்வொரு நாளும் மாணவர்களிடமிருந்து ஒரு கொசுறு வாங்குவேன்' என்று ஒரே வரி. தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆபீஸ்ல கேட்டா இதுக்கு நான் என்னன்னு சார் சொல்றது?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். என்னிடமும் ஒரு கொசுறு நோட்டு இருக்கிறது, முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தான் எழுதிய சரியான வார்த்தையை அடிக்கப் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்த அந்த அம்மாவின் கை, நான் சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் இன்றும் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.