மஞ்சளில் தொடங்கிய பட்டியல்

"வைகாசி 9. மஞ்சள். சிதம்பரம் ஆபீசில் மனு கொடுக்க. குடை ரிப்பேர்." அப்பாவின் பென்சில் எழுத்தில் இப்படி ஒரு துண்டுத்தாள் என்னிடம் இருக்கிறது. வருடம் எழுதவில்லை. நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை என்பதால் 1965 என்று கணிக்கிறேன்.

பட்டியல் எழுதும் பழக்கத்தை எங்கள் கடலூர் வீட்டில் கொண்டுவந்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. அப்பாவின் மறதி அவ்வளவு பிரசித்தம். முந்தின வருடம் அத்தையின் ஆசிரியப் பயிற்சி மனுவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கடைசித் தேதியைக் கடத்திவிட்டார். அத்தைக்கு ஒரு வருடம் போயிற்று. அவள் சண்டை போடவில்லை. தினமும் காலையில் காபியோடு ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தாள். "எழுதுன வரிசையில முடிங்கண்ணே. முடிச்சத அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க."

அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். எந்தப் பட்டியலும் மஞ்சளில்தான் தொடங்க வேண்டும். மளிகைச் சீட்டுக்கு உரிய வழக்கம் இது. வேலைச் சீட்டுக்கும் பொருந்துமா என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பாவோ எழுதியதைச் செய்கிறவராக மாறிக்கொண்டிருந்தார். தினமும் மஞ்சள் வந்தது. ஜாடி நிறைந்து, ஊறுகாய்ப் பரணிக்கும் பரவியது. "இன்னும் ஒரு மாசம் போனா உங்க வேட்டியும் மஞ்சளாயிடும்" என்றாள் அம்மா. ஆனாலும் அந்த வரியை விட அவள் சம்மதிக்கவில்லை.

அந்த வருட மனுவுக்குக் கடைசி நாளன்று அப்பா என்னையும் ரயிலில் சிதம்பரம் அழைத்துப் போனார். யாரோ பெரிய வியாபாரி இறந்துபோனதால் கடைகள் அடைத்திருந்தன. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டு வந்த மஞ்சளுக்காகக் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகளிலும் அலைந்தோம். வெயில் சாயத் தொடங்கியது. ஆபீசை மூடிவிடுவார்கள் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன்.

"மொத வரிய அடிக்காம ரெண்டாவதுக்கு எப்படிம்மா போறது? அத்தை கேக்குமே" என்றார், நிஜமான கவலையோடு.

கீழ வீதியில் பூ விற்ற அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து நீட்டினார். "இதுக்கா சாமி இந்த வெயில்ல புள்ளைய இழுத்துக்கினு சுத்துற? போ, போய் ஆபீச பாரு."

அப்பா அங்கேயே நின்று முதல் வரியை அடித்தார். பிறகு ஓடினோம். மேசையைப் பூட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா முணுமுணுத்தபடி மனுவை வாங்கி முத்திரை குத்தினார். அத்தைக்கு இடம் கிடைத்தது.

மனுவைத் தபாலில் போட்டிருக்கலாம், அத்தையே ரயிலேறிப் போயிருக்கலாம் என்பதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடத்தை இழந்த பிறகும் மறுபடி அந்த மறதிக்காரரிடமே ஏன் கொடுத்தாள்? அண்ணன் தன் கையால் கொடுத்த மனு என்றால், பெண்ணை ஏன் படிக்க அனுப்பினீர்கள் என்று கேட்கும் உறவினருக்கு அண்ணனே பதில் சொல்லியாக வேண்டும். கேட்டார்கள், சொன்னார். அத்தையின் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் அப்பா அந்த இரண்டாவது வரியை எழுதினாரா என்பதை மட்டும் இருவரிடமும் கேட்காமல் விட்டுவிட்டேன். உறுதிப்படாத தகவல் என்றே குறித்து வைக்கிறேன்.