ஷாபா மாகாணத்தில் மாப்பிள்ளை வீடு பார்த்தது

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். ஒரு வேன் ஆள் கிளம்பிப் போய், கிணற்றை எட்டிப் பார்த்து, தோட்டத்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, காப்பி குடித்துவிட்டு வந்த பிறகுதான் பேச்சே தொடங்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அமைந்த வரனோ ஆப்பிரிக்காவின் நடுவில், இன்று காங்கோ என்கிற அன்றைய ஸயர் நாட்டின் ஷாபா மாகாணத்துச் செம்புச் சுரங்கத்தில், தண்ணீர் இறைக்கும் பம்புகளைக் கவனிக்கும் இன்ஜினியர். மதுக்கரையில் அவருடைய அப்பா வீட்டைப் பார்த்தாயிற்று. "அம்மணி குடியிருக்கப்போறது அங்க இல்லீல்ல?" என்று என் அப்பா பிடித்துக்கொண்டார்.

லீவில் வந்தவர் துடியலூருக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற வீடில்லை எங்களுடையது. மாமா, சித்தப்பா, ஜோசியர் எல்லாரையும் கேட்டார்கள், என்னைத் தவிர.

"அந்தச் சீமையப் பத்திப் படிச்சுச் சொல்லு கண்ணு. போய்ப் பாக்கத்தான் முடியாது, கேட்டாவது பாக்கலாம்" என்றார் அப்பா. ஆர்.எஸ்.புரம் நூலகத்தில் தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். நான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயர மேட்டுநிலம். செம்மண். கார்த்திகையில் பிடித்தால் பங்குனி வரை மழை, அப்புறம் சொட்டு கிடையாது. மக்காச்சோளம் விளையும். காங்கோ ஆறு உற்பத்தியாவதே அந்தப் பக்கம்தான்.

"மண்ணு தேவலையாட்ட இருக்குது" என்றார் அப்பா.

கறையான் புற்றுகள் அங்கே வீட்டு உயரம் என்றதும் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அத்தன பெரிய புத்துன்னா அம்மன் இல்லாமயா இருக்கும்? பாலூத்திக் கும்பிட எடம் இருக்குதுங்க" என்றாள். பாம்பையும் கடவுளையும் சேர்த்தே அனுப்பிவைத்துவிட்டாள் என் அம்மா!

வரலாற்றுக்கு வந்தேன். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் செம்பை உருக்கி, சிலுவை வடிவில் வார்த்துக் காசாகப் புழங்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். பெல்ஜியத்துக்காரர் வந்து தோண்டியதையும் சொன்னேன். அடுத்த இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கண் இருந்தது.

"நில்லு. ரெண்டு தாளு ஒண்ணாப் போச்சு. அதுல என்ன இருக்குது?"

படித்தேன். அறுபதில் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சில நாட்களிலேயே மாகாணம் தனி நாடென்று பிரிந்துகொண்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் சண்டை. உலகநாடுகளின் படையோடு நம் பட்டாளமும் அங்கே போயிருக்கிறது. பின்னாளில் எல்லை தாண்டி வந்தும் ஆட்கள் சுட்டிருக்கிறார்கள். அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"இத ஏன் உட்டுப்போட்ட?"

பொய் சொல்ல வரவில்லை. "நீங்க வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்கன்னு பயந்துட்டேனுங்கப்பா."

அப்பா என்னையே பார்த்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"உனக்குப் போக மனசிருக்குதான்னு தெரியாமத்தான் கண்ணு ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. நேராக் கேட்டா நீ சொல்லுவியா? சரி, சண்ட சமாச்சாரத்த நான் மாப்பிள்ளைகிட்டவே பேசிக்கறேன்."

அதுவரைக்கும் அவரை 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.